பழைய பாட்டிலைக் கழுவாதீங்க! வயசு லேபிளில் இருக்குது!

பரணில் கிடந்த மருந்து பாட்டில். வாளித் தண்ணீரில் ஊறப் போட்டு, புளி வைத்துத் தேய்த்து, பளபளவென்று ஆக்கி, உக்கடம் பழைய சாமான் கடையில் போடுகிறார்கள். ஊறி உரிந்து சாக்கடையில் போன காகிதம்தான் அசல் சரக்கு!

கழுவி வெச்சாத்தான் காசு என்ற நினைப்பு. சேகரிக்கிறவர்களோ அழுக்கானாலும் லேபிளோடுதான் தேடுகிறார்கள்.

கண்ணாடி ஏமாற்றும்

பாட்டிலின் பக்கவாட்டில் அச்சுக்கோடு ஓடும். கோடு வாய் வரை போனால் மிஷின் பாட்டில். கழுத்தோடு நின்றால், வாயைக் கையால் செய்து ஒட்டியது. அமெரிக்காவில் ஓவன்ஸ் என்பவர் 1903ல் தானியங்கி மிஷின் கண்டுபிடித்த பிறகுதான் முதல் வகை பெருகியது.

ஆனால் நம் நாட்டில் இதை மட்டும் நம்ப முடியாது. ஃபிரோசாபாத்தில் கைவேலை அதற்கப்புறமும் நடந்தது. கோலி சோடா பாட்டிலும் அப்படித்தான். லண்டன்காரர் ஹிராம் காட் அதற்குப் பேடண்ட் வாங்கியது 1872ல். ஆனால் கோலி உருளுகிறதே என்பதற்காக அது தாத்தா காலத்துப் பாட்டில் ஆகிவிடாது. இன்றைக்கும் புதுசு வருகிறது!

அணாவா, நயா பைசாவா?

லேபிள் அப்படியில்லை. விலை அணாவில் இருந்தால் அநேகமாக 1957க்கு முந்தியது. 'நயா பைசா' என்றால் 1957க்கும் 1964க்கும் நடுவில். 'மதராஸ் ராஜ்யம்' என்று போட்டிருந்தால், 1969ல் தமிழ்நாடு என்று பெயர் மாறுவதற்கு முன். விலாசத்தில் 641 என்று பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின்.

'ஈரோடு, கோயமுத்தூர் ஜில்லா' என்றிருந்தால் இன்னும் சுலபம். 1979ல் ஈரோடு பெரியார் மாவட்டத்துக்குப் போய்விட்டது. திருப்பூர் தனி மாவட்டம் ஆனது 2009ல்.

கம்பெனியின் வயதும் கைகொடுக்கும். கோவை ஆரிய வைத்திய பார்மசி தொடங்கியது 1943ல். அந்தப் பெயருள்ள அரிஷ்ட பாட்டில் அதற்கு முந்தியது என்று யாராவது விலை சொன்னால், வந்த வழியே திரும்பிவிடலாம்.

எழுத்தையும் பார்க்க வேண்டும். 'லை', 'னை' எழுத்துகளுக்குத் தும்பிக்கை இருந்தால், பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சு. விலை அணாவில், 'லை' மட்டும் புது எழுத்தில் என்றால் போலியோ என்று சந்தேகப்படலாம். பெரியார் 1935லேயே புது எழுத்தைப் புகுத்திவிட்டார் என்பதால் சந்தேகம் மட்டும்தான், தீர்ப்பு அல்ல.

ஒரு சிக்கல்: அந்தக் காலத்தில் பாட்டிலைத் திரும்பத் திரும்ப நிரப்புவார்கள். லேபிளைவிட பாட்டிலுக்கு வயது கூடுதலாக இருக்கலாம்.

தண்ணி காட்டாதீங்க!

லேபிள் மேல் தண்ணீர், புளி, சோப்பு எதுவும் படக்கூடாது. மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் போதும். ஓரம் தூக்கிக்கொண்டு நின்றால் செல்லோடேப் ஒட்டாதீர்கள். மஞ்சளாகிக் காகிதத்தையே தின்றுவிடும். கோதுமை ஸ்டார்ச் பசை ஒரு பொட்டு போதும். வெயில் படாத, ஈரமில்லாத அலமாரியில் வைக்க வேண்டும். பசைக்கு ஆசைப்பட்டு ராமபாணப் பூச்சி வரும். மாதம் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

உள்ளே மருந்து மிச்சம் இருந்தால் முகர்ந்து பார்க்கிற வேலை வேண்டாம். பக்கவாட்டில் வரிவரியாக மேடு தட்டிய நீலப் பாட்டில் என்றால் கூடுதல் உஷார். இருட்டில் தடவினாலும் விஷம் என்று தெரியட்டும் என்றுதான் அப்படிச் செய்தார்கள்.