பண்பலை வானொலியும் நம் புதுக்கோட்டைச் சீமையும்

வானொலி என்றதும் நம் மாவட்டத்துப் பெரியவர்களின் நினைவுக்கு வருவது திருச்சி நிலையம்தான். 1939 மே 16ஆம் நாள் அது தொடங்கப்பெற்றபோது புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்தது. 1948இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. 1974 ஜனவரி 14இல் தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எத்தனை முறை மாறினாலும் நம் வீடுகளில் திருச்சியின் குரல் மாறவில்லை. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இலங்கை வானொலியும் அதற்கு இணையாக ஒலித்தது. கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் பெயரைச் சொன்னால் இன்றும் முகம் மலரும் முதியோர் நம்மிடையே உண்டு.

அந்த நாள் வானொலியின் ஆற்றலுக்கு ஒரு சான்று கூறுவேன். 1960களில் ஆடுதுறை 27 என்னும் நெல் இரகம் தஞ்சைப் பகுதியில் வேகமாகப் பரவியது. திருச்சி நிலையத்தின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டே உழவர்கள் அதை அறிந்தனர். ஆதலால் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வழங்கலாயிற்று! வானொலி ஒரு பயிருக்கே பெயர் தந்துவிட்டது. ஆயினும் காவிரிப் பாசனத்தை நம்பி நாற்றுவிடுபவரின் காலக் கணக்கு வேறு; வானத்தையும் கண்மாயையும் நம்பி விதைப்பவரின் கணக்கு வேறு. பல மாவட்டங்களுக்கும் சேர்த்துப் பேசும் பெரிய நிலையம் நம் கண்மாய்க்கரைக்கு வந்து பேச இயலுமா? இங்குதான் சிறிய நிலையத்தின் தேவை பிறக்கிறது.

அதற்கு வழி செய்தது பண்பலை. இயற்பியல் மாணவன் என்ற முறையில் இதைச் சற்று விளக்க விரும்புகிறேன். மத்திய அலையில் ஒலிக்கேற்ப அலையின் வீச்சு கூடிக் குறைகிறது. மின்னலும் மோட்டாரும் எழுப்பும் இரைச்சல் பெரும்பாலும் அந்த வீச்சையே கலைக்கும் என்பதால், மழைக்காலத்தில் கரகரப்பு மிகுதி. பண்பலையிலோ வீச்சு மாறுவதில்லை. அதிர்வெண்தான் ஒலிக்கேற்ப மாறுகிறது. ஆகவே ஏற்பி, வீச்சில் புகுந்த இரைச்சலை வெட்டி எறிந்துவிட்டுப் பேச்சை மட்டும் தெளிவாகத் தருகிறது. 1930களில் அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் கண்ட முறை இது. இதற்கு ஒரு குறையும் உண்டு. இவ்வலை ஏறக்குறைய நேர்கோட்டிலேயே செல்லும். பூமியின் வளைவைத் தாண்டி நெடுந்தூரம் போகாது. கோடைக்கானல் பண்பலை பல மாவட்டங்களுக்கு எட்டியதற்கு அது மலைமேல் இருந்ததே காரணம். பெரிய நிலையத்துக்குக் குறையாகத் தோன்றும் இதுவே ஊர் வானொலிக்கு நிறை என்பேன். நம் ஊருக்கு மட்டும் கேட்டால் போதும் அல்லவா?

இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் என்னும் பெருமை தமிழகத்து நாகர்கோவிலுக்கு உரியது. 1984 அக்டோபர் 30இல் அது தொடங்கப்பெற்றது. ஒரு மாவட்டத்து மக்களையே நேயராகக் கொண்டு, ஒலிப்பதிவுக் கருவியுடன் வயலுக்கும் கடற்கரைக்கும் சென்று, அங்குள்ளோரைப் பேசவைப்பதே உள்ளூர் நிலையத்தின் இலக்கணம். நிலையத்துக்கு வந்து எழுதியதைப் படிக்கும் பேச்சாளரைவிட, வலை பின்னிக்கொண்டே பேசுகிறவர் பேச்சில் உயிர் அதிகம்.

எனினும் நெடுங்காலம் வானொலி அரசின் கையிலேயே இருந்தது. வான் அலைகள் பொதுச் சொத்து என 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் ஏல முறையில் தனியார் பண்பலைகள் வந்தன. பாட்டு மழை பொழிந்தது. நான் பாட்டுக்குப் பகைவன் அல்லன். ஆயினும் ஏலத்தில் பல இலட்சம் கொடுத்தவர் விளம்பரதாரர் உள்ள நகரத்தைத்தானே நாடுவார்? சிற்றூருக்கு உதவியது மற்றொரு வழி. 2002இல் கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி நடத்த இசைவு கிடைத்தது. 2004 பிப்ரவரி 1இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் ‘அண்ணா பண்பலை’ 90.4 மெகாஹெர்ட்சில் ஒலித்தது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரை கடந்தது. கீரமங்கலம் பக்கத்து எங்கள் ஊரில் தென்னைகள் வரிசையாகச் சாய்ந்தன. மின்சாரம் போயிற்று; கைப்பேசியும் ஊமையாயிற்று. அப்பத்தாவின் பழைய டிரான்சிஸ்டர் ஒன்றுதான் பேசியது. புயலின் வேகம், தலைவர்களின் அறிக்கை எல்லாம் சொன்னது. எந்தச் சாலையில் மரம் அகற்றியாயிற்று, குடிநீர் லாரி எந்த ஊருக்கு எப்போது வரும் என்று அது சொல்லவில்லை. எங்கோ இருந்து பேசுபவருக்கு எங்கள் தெருவின் நிலை எப்படித் தெரியும்? அத்தை வீட்டார் நலமாக உள்ளனர் என்று அறிய, என் தந்தையார் விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டி நடந்தே போய்வர நேர்ந்தது.

இதற்கும் தமிழகத்தில் முன்மாதிரி உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது கடலூரில், மாவட்ட நிர்வாகத்தின் முயற்சியால் 107.8 மெகாஹெர்ட்சில் ‘பேரிடர்க்கால வானொலி’ ஒன்று இயங்கியது. வெள்ளம் சூழ்ந்த மாவட்டத்துக்கு அம்மாவட்டத்துக் குரலே தகவல் சொன்னது.

சமுதாய வானொலியின் விதிகள் நம்மை மலைக்கவைப்பன அல்ல. 100 வாட் திறனுள்ள பரப்பி. 30 மீட்டர் வரை உயரமுள்ள கோபுரம். பத்துக் கிலோமீட்டர் சுற்றளவில் தெளிவாகக் கேட்கும். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்புடன் உருவாக வேண்டும். சொந்தமாக அரசியல் செய்தி தயாரித்துப் படிக்கக் கூடாது. வானிலை, குடிநீர், மின்தடை, தேர்வு, வேலைவாய்ப்பு, பேரிடர் அறிவிப்பு ஆகியவற்றுக்குத் தடையில்லை. கஜாவின்போது நாங்கள் தேடியவை இவைதாமே!

மற்ற நேரத்துக்கு நிகழ்ச்சி கிடைக்குமா என்று ஐயுற வேண்டா. குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பற்றி நம் தமிழ்த்துறைப் பேராசிரியர் பேசலாம். கையோடு ஒரு பாடகர் பாடியும் காட்டலாம். 1991இல் இம்மாவட்டத்து அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்ற பெண்கள் இன்று பாட்டிமார். அவர்கள் கதை ஒரு தொடருக்கு வரும். கடலுக்குப் போகுமுன் காற்றின் நிலை, கடலைக்காய் விலை, பேருந்து நேர மாற்றம் என நாள்தோறும் சொல்ல ஏராளம் உண்டு.

முதல் நாள் ஒலிபரப்பில் யாரைப் பேசவைக்கலாம் என்று விடுதியில் நண்பர்களைக் கேட்டேன். ஒருவன் நடிகர் பெயரைச் சொன்னான். அறந்தாங்கிப் பக்கத்து நண்பனோ, “எங்க ஊர் மடை திறக்கிற தாத்தாவைக் கூப்பிடு. எந்த வருஷம் கண்மாய் நிறைஞ்சது, எந்த வருஷம் உடைஞ்சதுன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும்” என்றான்.