வீழ்ந்தோர் நால்வர்

யவன புராணங்களை ஏட்டிற் படித்தோர் பலர். செப்புத் தகட்டிற் செதுக்கி அச்சிட்ட சித்திரங்களிற் கண்டோர் சிலரே. அவற்றுள் நம் உள்ளத்தைக் கவர்ந்தவை, ஹாலந்து தேயத்து ஹார்லெம் நகரில் ஹென்ட்ரிக் கோல்ட்ஸியுஸ் என்பார் 1588-ஆம் ஆண்டிற் செதுக்கிய நான்கு வட்டச் சித்திரங்களாம். மூல ஓவியம் கொர்னேலிஸ் என்னும் அந்நகரத்து ஓவியருடையது.

டாண்டலஸ், இக்ஸியோன், இகாரஸ், பயத்தோன் ஆகிய நால்வரும் தம் அளவு கடந்து அழிந்தோர். ஒவ்வொருவனும் ஒரு வட்டத்துள் ஆடையின்றித் தனியே வீழ்கின்றான். மெழுகிற் பதித்த இறகுகளோடு கதிரவனை அணுகிய இகாரஸ், வீழும்போதும் ஒளி பொறாது கையை முகத்தின்மேல் உயர்த்துகின்றான். வண்ணம் ஒரு துளியும் இல்லை. உளியை அழுத்தக் கோடு பருக்கும், தளர்த்தச் சிறுக்கும். திரண்ட தசையெல்லாம் இவ்வொரு நுட்பத்தால் எழுந்தனவே.

விளிம்பைச் சுற்றிய இலத்தீன் செய்யுள் அவர்தம் செருக்கைக் கடிகின்றது. உருவங்களை நோக்கும் நமக்கோ இரக்கமே மிகுகின்றது. செதுக்கியவர் குழவிப் பருவத்தில் நெருப்பில் விழுந்து வலக்கை வெந்தவர். அவ்விரல்களை முற்றும் விரிக்க இயலாதவர். இடியுண்டு எரிந்து வீழும் பயத்தோனைச் செதுக்கியதும் அக்கையே.