படுக்கையருகே ஒரு பாடம்

குணப்படுத்த இயலாத நோயின் இறுதிக் கட்டத்தில் உள்ளவர்களுக்கு வலி, மூச்சுத்திணறல் போன்ற துன்பங்களைத் தணித்து, அவர்களுடைய குடும்பத்தினருக்கும் துணைநிற்கும் இல்லம் ஹாஸ்பிஸ் எனப்படுகிறது. இங்கிலாந்தில் செவிலியர் பட்டம் பயிலும் மாணவர்கள் சிலர், படிப்புக் காலத்திலேயே இத்தகைய இல்லங்களில் பராமரிப்பு உதவியாளர்களாகப் பகுதிநேரப் பணியில் சேர்கின்றனர். அந்நாட்டில் செவிலியராகப் பதிவு பெறத் தேவையான 4,600 மணி நேரக் கல்வியில் பாதி செயல்முறைப் பயிற்சியாக அமைந்தாலும், ஊதியம் பெற்றுச் செய்யும் இவ்வுதவியாளர் பணி பொதுவாக அக்கணக்கில் சேர்வதில்லை. எனினும் நோயாளியை உற்றுநோக்கும் பழக்கத்துக்கு இப்பணியே நல்ல தொடக்கமாக அமைகிறது.

தோலுக்கடியில் செருகிய மெல்லிய குழாய் வழியே 24 மணி நேரமும் மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தும் சிரிஞ்ச் டிரைவர் என்னும் கருவியைச் செவிலியரே கையாள்கிறார். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, படுக்கைப்புண் வராதபடி புரட்டிப் படுக்கவைப்பது, வாயைத் தூய்மை செய்வது ஆகியவை உதவியாளரின் பொறுப்பு. நீர் விழுங்க இயலாதவரின் வாய் வறண்டு உதடு வெடிக்கும் என்பதால், மென்மையான பிரஷ்ஷை நனைத்து ஈறுகளையும் நாக்கையும் மெல்லத் துடைத்துவிட வேண்டும். நனைப்பதற்கு நீருக்குப் பதிலாக, அவர் விரும்பி அருந்திய தேநீரையோ பழச்சாற்றையோ பயன்படுத்துவதும் உண்டு.

புரட்டும்போது நெற்றி சுருங்குவதும் கை இறுகுவதும், பேச இயலாதவருக்கு வலி இருப்பதைக் காட்டும் குறிகள். உதவியாளர் அவற்றைச் செவிலியரிடம் தெரிவித்தால், அடுத்த முறை புரட்டுவதற்குச் சற்று முன்பே கூடுதல் வலிநிவாரணி கொடுக்க வழியுண்டு. மூச்சு ஆழமாகி, மெலிந்து, சில நொடிகள் நின்று, மீண்டும் தொடங்கும் செயின்-ஸ்டோக்ஸ் சுவாசத்தைப் பாடநூலில் வரையறையாகக் கற்ற மாணவர், இங்கு அந்த இடைவெளியில் நோயாளியின் மகள் தன் மூச்சையும் அடக்கிக்கொண்டிருப்பதைக் காண நேர்கிறது.

நவீன ஹாஸ்பிஸ் இயக்கத்தின் வேரிலும் இத்தகைய உற்றுநோக்கலே உள்ளது. செவிலியராகப் பயிற்சி பெற்ற சிசிலி சாண்டர்ஸ், 1948 முதல் லண்டனின் செயின்ட் லூக்ஸ் இல்லத்தில் தொண்டராகப் பணியாற்றியபோது, வலி திரும்பும்வரை காத்திராமல் குறித்த நேரத்தில் மார்ஃபின் என்னும் வலிநிவாரணி கொடுக்கப்படுவதைக் கண்டார். 1957இல் மருத்துவரான அவர், அம்முறையை ஆராய்ந்து வளர்த்து, 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை நிறுவினார்.

உயிர் பிரிந்த பின்னும் உதவியாளரின் வேலை முடிவதில்லை. உடலைத் துடைத்து, தலைவாரி, தூய உடை அணிவிக்கும்போது, செய்யப்போவதை இறந்தவரிடம் சொல்லிவிட்டே செய்வது ஹாஸ்பிஸ் ஊழியர் பலரின் வழக்கம். காலையில் அவரைப் புரட்டிப் படுக்கவைத்தபோது பேசிய அதே தணிந்த குரலில்.