உங்கள் புத்தகம், உங்கள் உரிமை: மின்னூலும் ஒலிநூலும் நீங்களே வெளியிடலாம்

தர்மபுரி மாவட்டத்தில் எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. அரூர் பக்கம் நடுகல் தேடி அலைந்து குறிப்பெடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியர், பென்னாகரத்தில் கூத்துக் கதைகளை நோட்டு நோட்டாக எழுதி வைத்திருக்கும் வாத்தியார், பாலக்கோட்டில் வேலை முடிந்து இரவில் போனில் கதை எழுதும் இளம்பெண் என்று ஊருக்கு ஒருவராவது இருப்பார். ஆனால் எழுதியதில் பாதி பரணிலேயே கிடக்கிறது. அச்சடிக்கப் பணம் வேண்டும். அடித்த பிறகு விற்காத கட்டுகளை வீட்டில் அடுக்கி வைக்க இடமும் வேண்டும்.

மின்னூலுக்கும் ஒலிநூலுக்கும் இந்த இரண்டு கவலையும் இல்லை. கையில் ஸ்மார்ட்போன் இருந்தால் பெரும்பாலான வேலையை நீங்களே முடித்துவிடலாம். கவனம் வேண்டியது ஒரே இடத்தில்தான்: உங்கள் எழுத்தின் உரிமையை யாருக்கு, எவ்வளவு காலத்துக்குக் கொடுக்கிறீர்கள் என்பதில்.

பதிப்புரிமை எப்போது வருகிறது?

எழுதி முடித்த அந்த நொடியே வந்துவிடுகிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சொந்தமாக எழுதிய நூலின் முதல் உரிமையாளர் நீங்கள்தான். அந்த உரிமை உங்கள் வாழ்நாள் முழுவதும் இருக்கும். அதன் பிறகு 60 ஆண்டுகள் உங்கள் வாரிசுகளுக்கு இருக்கும். பதிவு செய்வது கட்டாயமில்லை. பிற்பாடு வழக்கு வந்தால் சான்றாக உதவும் என்று நினைத்தால், மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலக இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். எழுத்துப் படைப்புக்குக் கட்டணம் ரூ.500, ஒலிப்பதிவுக்கு ரூ.2,000.

ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு இந்தியாவில் கட்டணமே கிடையாது. மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம், 'எழுத்தாளரே பதிப்பாளர்' என்ற முறையில் இணையவழியில் விண்ணப்பித்தால் போதும். அச்சு நூலுக்கு ஒரு எண், மின்னூலுக்கு வேறு எண். ஆகவே "ஐ.எஸ்.பி.என். வாங்கித் தர இவ்வளவு ஆயிரம்" என்று யாராவது கேட்டால், அது அரசுக் கட்டணம் இல்லை, அவர்களுடைய சேவைக் கட்டணம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கோப்பைத் தயார் செய்வது

கையெழுத்துப் பிரதியா? போனில் தமிழ் விசைப்பலகையைத் திறந்து, மைக் பொத்தானை அழுத்தி வாசித்தால் தட்டச்சாகிவிடும். பிழை திருத்தம் மட்டும் பொறுமையாகப் பார்க்கணும். பழைய டி.டி.பி. கோப்பு இருந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்க வாய்ப்பு அதிகம். அதை அப்படியே ஏற்றினால் வாசகருக்கு வெறும் குப்பைக் குறிகள்தான் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். அதற்கு இலவச மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன.

எங்கே வெளியிடலாம்?

இரண்டு பாதைகள் உண்டு.

முதலாவது, விற்பனை. அமேசான் கிண்டில் 2016 டிசம்பரில் தமிழ் மின்னூல்களைக் கொண்டுவந்தது. அதன் கே.டி.பி. தளத்தில் கணக்கு தொடங்க, கோப்பை ஏற்ற, விலை வைக்க எதற்கும் கட்டணம் இல்லை. அங்கே ஐ.எஸ்.பி.என். இல்லாமலும் மின்னூல் வெளியிடலாம். ராயல்டி 35 அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 சதவீதம் வேண்டுமானால் 'கே.டி.பி. செலக்ட்' திட்டத்தில் சேர வேண்டும். அதில் சேர்ந்தால் அந்த மின்னூலை 90 நாட்களுக்கு வேறு எங்கும் வைக்கக்கூடாது, இலவசமாகக்கூட. காலம் முடியும்போது தானாகவே புதுப்பிக்கும் வசதி இருக்கிறது. வேண்டாம் என்றால் அதை நிறுத்தி வையுங்கள்.

பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். பான் எண் தேவை. இதுவரை பான் இல்லாதவர்கள், ஆதாருடன் கைபேசி எண் இணைந்திருந்தால், வருமான வரித்துறை இணையதளத்தில் உடனடி இ-பான் இலவசமாகவே பெறலாம்.

இரண்டாவது, இலவசப் பகிர்வு. 2013-இல் தொடங்கி, தன்னார்வலர்கள் நடத்திவரும் 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' தளம் இதற்கு நல்ல உதாரணம். எழுத்தாளர்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நூலைக் கொடுக்கிறார்கள்; தன்னார்வலர்கள் அதை மின்னூலாக்கித் தருகிறார்கள். வருமானம் வராது, வாசகர்கள் வருவார்கள். ஊர் வரலாறு, கூத்துக் கதை, வட்டாரச் சொற்கள் போன்றவை அழியாமல் இருக்கணும் என்று நினைப்பவர்களுக்கு இது பொருத்தம். ஆனால் ஒன்று: கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைக் கொடுத்த பிறகு திரும்பப் பெற முடியாது. வீட்டில் பேசி, யோசித்துவிட்டுக் கொடுங்கள்.

ஒலிநூல்

கண் தெரியாதவர்களுக்கும், பேருந்தில் போகிறவர்களுக்கும், எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கும் உங்கள் குரல்தான் புத்தகம். விடியற்காலையில், ஜன்னலை மூடி, துணிமணி நிறைந்த அறையில் பதிவு செய்தால் எதிரொலி குறையும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சல் நீக்க 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருள் கணினியில் இருக்கிறது.

யூடியூபில் ஏற்றுவது எளிது. விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும் (குறும்படங்களுக்குக் கணக்கு வேறு). பின்னணியில் சினிமாப் பாட்டு சேர்க்காதீர்கள். உரிமை கோரல் வந்துவிடும்.

அடுத்தவர் நூலை வாசிப்பதாக இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கல்கியின் நூல்கள் 1999-இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. அவற்றை யாரும் வாசிக்கலாம். வாழும் எழுத்தாளரின் கதையை, "அவர் பெயரைச் சொல்லிட்டேனே" என்று வாசிப்பது அனுமதி ஆகாது.

கையெழுத்துப் போடும் முன்

செயலிகளும் பதிப்பகங்களும் ஒப்பந்தம் நீட்டலாம். இவற்றைப் பாருங்கள்:

• உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருந்தால்தான் செல்லும். வாய்ப்பேச்சு போதாது.
• எந்த உரிமை? மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எல்லாம் தனித்தனி. கேட்டதை மட்டும் கொடுங்கள்.
• காலம் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டுகள். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று எழுதியிருந்தால் நிறுத்திக் கேளுங்கள்.
• வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.
• உரிமையையே விற்றுவிட்டாலும், "இதை எழுதியது நான்" என்று சொல்லும் உரிமை உங்களிடமே இருக்கும்.

ஒப்பந்தம் புரியவில்லையா? மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். உதவி எண் 15100. பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், குறைந்த வருமானத்தினர் இலவச உதவி பெறலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு வேலை செய்து தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இணைய மோசடியில் பணம் போனால், தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

இந்த வாரமே ஒன்று செய்யுங்கள்: பரணில் இருக்கும் நோட்டை இறக்கி, ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். வெளியிடுவது மெதுவாக நடக்கட்டும். அதற்குள் கரையான் முந்திக்கொள்ளக் கூடாது.