செவுளைப் பார்த்து மீன் குஞ்சு வாங்குக

புதுப்பட்டினம் கடற்கரையூர். ஆயினும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களில் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் குளங்குட்டைகளைக் குத்தகைக்கு எடுத்து, கட்லா, ரோகு குஞ்சுகளை விட்டு வளர்ப்போர் பலர் உளர். அப்படிப்பட்ட குட்டையொன்றில் மாசி மாதத்தில் மீன்கள் செத்து மிதந்தன. ஏலத்தில் தோற்ற பங்காளிதான் விஷம் கலந்தார் எனக் குத்தகைதாரர் மனு எழுதிவிட்டார். நாம் மீன்வளத் துறை அலுவலருடன் அங்குச் சென்றோம்.

உயிரோடிருந்த மீனொன்றின் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தோம். இரத்தச் சிவப்பாக இருக்கவேண்டிய செவுள், வெளுத்துக் கோழை படர்ந்திருந்தது. செவுளிலிருந்து ஒரு துளியை எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்ததும் விஷம் யாதென்பது விளங்கியது. மயிரிழை போன்ற புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

இவை டாக்டைலோகைரஸ் என்னும் செவுள் புழுக்கள். நீளம் ஒரு மில்லிமீட்டர் அளவே. பல அதற்கும் குறைவு. தலைப்பக்கத்தில் நான்கு கரும்புள்ளிக் கண்கள்; பின்பக்கத்தில் ஒரு ஜோடிப் பெரிய கொக்கிகளும், அவற்றைச் சுற்றிச் சிறு கொக்கிகளும் உண்டு. இக்கொக்கிகளால் செவுளைக் கவ்வுவதால் அது வீங்கிக் கோழை சுரக்கிறது. மீன் மூச்சு முட்டித் தவிக்கிறது. புழுவின் முட்டைகள் நீரில் விழுந்து, நம் ஊர் வெப்பத்தில் சில நாட்களிலேயே பொரிக்கின்றன. நத்தையோ வேறு இடைப்பிராணியோ தேவையில்லை. குஞ்சு நேரே அடுத்த மீனைத் தேடிப் பற்றும். நெருக்கமாக விட்ட குளத்தில் இது காட்டுத்தீயாகப் பரவுவதில் வியப்பென்ன?

மீன் வாய் பிளந்து மேலே வருவதெல்லாம் செவுள் நோயன்று. பிராணவாயு குறைந்தால் விடியற்காலையில் எல்லா இன மீனும் மேலெழும். வெயிலேறியதும் பெரும்பாலும் இறங்கிவிடும். புழு பிடித்த மீனோ நண்பகலிலும் கரையோரம் தள்ளாடும்.

“கலப்பினக் குஞ்சு, நோயே அண்டாது என்று சொல்லித்தான் வியாபாரி கொடுத்தார்” என்றார் குத்தகைதாரர். இப்பேச்சு நம் பக்கத்தில் அடிக்கடி காதில் விழுவதால் சற்று விளக்க வேண்டியிருக்கிறது.

1957 ஜூலை 10 அன்று டாக்டர் ஹீராலால் சௌதுரியும் அவருடைய குழுவினரும், பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகச் செலுத்தி நம் நாட்டுப் பெருங்கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தனர். அந்த நாளே இப்போது தேசிய மீன் விவசாயிகள் தினம். அதைத் தொடர்ந்து கட்லாவையும் ரோகுவையும் கலந்து கலப்பினம் உண்டாக்குவதும் கைகூடிற்று. இக்கலப்பினம் ரோகுவை விட விரைந்து வளரும். கட்லாவை விடத் தலை சிறியது. அவ்வளவும் உண்மை. ஆனால் செவுள் புழு அண்டாது என்பதற்கு ஆதாரமில்லை.

செவுள் புழுக்களில் பெரும்பாலானவை தத்தமக்குரிய மீனினத்தையே நாடுபவை. கலப்பின மீனோ இரண்டு வீட்டுப் பிள்ளை. ஐரோப்பாவில் சாதாக் கெண்டைக்கும் ஜிபெல் கெண்டைக்கும் பிறந்த கலப்பினங்களை ஆராய்ந்தபோது, தாய் இனத்தின் புழுவும் தந்தை இனத்தின் புழுவும் அவற்றில் காணப்பட்டன. புழுக்களின் எண்ணிக்கை கூடுவதும் குறைவதும் கலப்புக்குக் கலப்பு மாறுபடும். மேலும் கட்லா-ரோகு கலப்பினம் மலடன்று. அது தாய்மீன் கூட்டத்தில் கலந்தால் அடுத்த தலைமுறையில் தூய இனம் எதுவென்றே தெரியாமற் போகும்.

குஞ்சு வாங்கும்போது நாலைந்தின் செவுளைப் பார்த்து வாங்குங்கள். விடுமுன் பத்து லிட்டர் நீரில் 300 கிராம் கல்லுப்பைக் கரைத்து, இரண்டு மூன்று நிமிடம் மட்டும் முக்கியெடுங்கள். குஞ்சு சாயத் தொடங்கினால் அந்நொடியே நல்ல நீருக்கு மாற்றுங்கள். முட்டைகள் உப்புக்கு எளிதில் சாவதில்லை. ஆகையால் குஞ்சுகளை ஒரு வாரம் வலைக்கூண்டில் வைத்திருந்து மறுமுறையும் முக்குதல் நலம். கோடையில் குளம் வற்றியதும் தரையை நன்கு காயவிட்டு, ஏக்கருக்குச் சுமார் 100 கிலோ சுண்ணாம்பு தூவலாம். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் குளத்தில் ஊற்றும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது புழுவோடு மீனையும், மீனுக்கு இரையாகும் நுண்ணுயிர்களையும் கொல்லும். அந்த மீனை உண்பவருக்கும் தீங்கு.

மனு அன்று மாலையே திரும்பப் பெறப்பட்டது. ஆனால் பங்காளிகள் இருவரும் இன்னும் பேசிக்கொள்வதில்லை.