மருத்துவத் துணைப் பணிகள்: கையில் கிடைக்கும் சம்பளம் எவ்வளவு?

உலு யாம் - எஸ்பிஎம் தேர்வு முடிவு வந்ததும் தனியார் கல்லூரிகளின் துண்டுப் பிரசுரங்களும் வாட்ஸ்அப் விளம்பரங்களும் தோட்ட வீடுகளுக்கும் தாமான் வீடுகளுக்கும் வந்து சேர்ந்துவிடுகின்றன. பிசியோதெரபி, எக்ஸ்ரே, மருத்துவ ஆய்வுக்கூடம் எனப் பல படிப்புகளின் பெயர்கள் அவற்றில் இருக்கும். "வேலை உறுதி" என்ற வாசகமும் இருக்கும். ஆனால், படித்து முடித்தபின் மாதக் கடைசியில் கையில் எவ்வளவு நிற்கும் என்பதை அவை சொல்வதில்லை. பிள்ளையின் பெயரில் கடன் வாங்கும் முன் பெற்றோர்கள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

உலு சிலாங்கூர், கோல சிலாங்கூர் தோட்ட மக்களுக்கு இந்தத் துறை புதிதல்ல. காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து, வெட்டுக் காயத்துக்குக் கட்டுப்போட்டு, தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்த தோட்டத்து டிரஸ்ஸரை மூத்தவர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965இல் ஒரு சட்டம் வந்தது. மருத்துவ உதவியாளர்களுக்கான பதிவுச் சட்டம் 1977இல் வந்தது. அந்த வழியில் வந்த இன்றைய மருத்துவ உதவி அதிகாரி மூன்றாண்டு டிப்ளோமா முடித்தவர்.

எது துணைப் பணி?

மருத்துவர், பல் மருத்துவர், தாதியர், மருந்தாளர் ஆகியோருக்குத் தனித்தனிச் சட்டங்கள் உள்ளன. அவர்களோடு சேர்ந்து நோயாளியைப் பார்க்கும் மற்றவர்களுக்காக 2016இல் இயற்றப்பட்டதுதான் சட்டம் 774. இது 2020 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. பிசியோதெரபிஸ்ட், ரேடியோகிராபர், மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர், உணவியல் அதிகாரி, செவித்திறன் நிபுணர், பேச்சுச் சிகிச்சையாளர் உட்பட 23 தொழில்கள் அதில் அடங்கும். இத்தொழில்களைச் செய்ய மலேசிய மருத்துவத் துணைப் பணி மன்றத்தில் பதிவு பெற வேண்டும். எனவே கல்லூரி தரும் சான்றிதழ் மட்டும் போதாது. பதிவுக்கு ஏற்கப்படாத படிப்பில் சேர்ந்தால், மூன்றாண்டு உழைப்பும் கட்டணமும் வீணாகிவிடலாம்.

அரசாங்கச் சம்பளம்

அரசாங்க மருத்துவமனைகளில் கல்வித் தகுதியைப் பொறுத்தே தொடக்கச் சம்பளம் அமைகிறது. டிப்ளோமா உள்ளவர்கள் முன்பு யு29 என்ற தரத்திலும், பட்டதாரிகள் யு41 என்ற தரத்திலும் சேர்ந்தார்கள். 2024 டிசம்பர் 1இல் புதிய ஊதிய முறை தொடங்கியதிலிருந்து இவை யு5, யு9 என்று அழைக்கப்படுகின்றன. இந்த இரு பிரிவினருக்கும் மொத்தம் 15 விழுக்காட்டு உயர்வு இரண்டு கட்டங்களாக வகுக்கப்பட்டது. முதல் கட்டம் 8 விழுக்காடு. 2026 ஜனவரி 1க்குரிய இரண்டாம் கட்டம் 7 விழுக்காடு.

அடிப்படைச் சம்பளத்தோடு வீட்டுப்படி, பொதுச் சேவைப்படி, வாழ்க்கைச் செலவினப்படி ஆகியவையும் சேரும். விளம்பரத்தில் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று ஒதுக்கிவிடக்கூடாது. ஆண்டு உயர்வும் இதில் உறுதியாக உண்டு.

இரண்டு விஷயங்களைப் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, அரசாங்க வேலை என்றாலே பென்ஷன் என்ற எண்ணம் இனிப் பொருந்தாது. 2024 பிப்ரவரி 1 முதல் புதிதாக நியமிக்கப்படுவோர் பழைய ஓய்வூதிய முறையில் சேர்வதில்லை. அவர்களுக்கு இபிஎப் சேமிப்புதான். மற்றொன்று, கிடைப்பது நிரந்தர வேலையா, ஒப்பந்த வேலையா என்று கேட்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்தால் நீட்டிப்பு உண்டா என்பதைப் பொறுத்தே வீட்டுக் கடனும் கார் கடனும் அமையும்.

தனியார் சம்பளம்

தனியார் மருத்துவமனை, ஆய்வுக்கூடம், பிசியோதெரபி நிலையம் ஆகியவற்றின் வேலை அறிவிப்புகளில் டிப்ளோமா முடித்த புதியவருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் தொகை 1,800 முதல் 2,500 வெள்ளி வரை. பட்டதாரிக்கு 2,300 முதல் 3,000 வெள்ளி வரை. ரவாங்கில் உள்ள சிறிய நிலையத்துக்கும் கோலாலம்பூரில் உள்ள பெரிய மருத்துவமனைக்கும் சம்பளத்தில் வேறுபாடு இருக்கும். ஆனால் தலைநகரில் அறை வாடகையும் அதிகம். இரவு ஷிப்ட், அவசர அழைப்புப் பணி ஆகியவை உள்ள எக்ஸ்ரே, ஆய்வுக்கூட வேலைகளில் படித்தொகை கூடுதலாகச் சேரும். சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. போன்ற கருவிகளை இயக்கும் அனுபவம் இருந்தால் சில ஆண்டுகளில் சம்பளம் வேகமாக ஏறும்.

தொழிற்சாலையா, டிப்ளோமாவா?

"படிக்கிற நேரத்தில் பெக்டரிக்குப் போனால் இதைவிட அதிகம் சம்பாதிக்கலாமே" என்று பல வீடுகளில் கேட்பதுண்டு. முதல் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் அது உண்மைதான்.

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை 26 நாள், 8 மணி நேரம் என்று வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 8 வெள்ளி 17 காசு. ஓவர்டைம் ஒன்றரை மடங்கு. மாதம் 60 மணி நேரம் ஓவர்டைம் செய்தால் சுமார் 735 வெள்ளி கூடும். மொத்தம் 2,435 வெள்ளி. இபிஎப், சொக்சோ பிடித்தம் போக ஏறத்தாழ 2,230 வெள்ளி கையில் நிற்கும்.

டிப்ளோமா முடித்து 2,200 வெள்ளியில் சேர்பவருக்கு இபிஎப் 11 விழுக்காடு, அதாவது 242 வெள்ளி பிடிக்கப்படும். சொக்சோவும் வேலைக் காப்புறுதியும் போக ஏறத்தாழ 1,940 வெள்ளி மிஞ்சும். அவர் பிடிபிடிஎன் கடனாக 30,000 வெள்ளி வாங்கியிருந்தால், ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணத்தோடு 15 ஆண்டுகளில் கட்ட மாதம் சுமார் 192 வெள்ளி ஆகும். மீதி 1,750 வெள்ளிதான்.

ஆனால் ஓவர்டைம் பணத்துக்கு இபிஎப் கிடையாது. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு அவர் பங்கும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்ந்து மாதம் 408 வெள்ளி சேமிப்பில் விழுகிறது. 2,200 வெள்ளி வாங்குபவருக்கு விழுவது 528 வெள்ளி. ஓராண்டில் 1,440 வெள்ளி வித்தியாசம். ஆர்டர் குறைந்தால் ஓவர்டைமும் நின்றுவிடும். பதிவு பெற்றவரின் அனுபவமோ ஆண்டுக்கு ஆண்டு மதிப்புக் கூடும். முதல் சம்பளத்தை மட்டும் பார்க்காமல், ஐந்தாம், பத்தாம் ஆண்டுச் சம்பளத்தையும் ஒப்பிட வேண்டும்.

கடன் இல்லாத வழி

சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களை முதலில் முயல வேண்டும். அரசாங்க ஆதரவில் இடம் கிடைத்தால் கட்டணச் சுமை மிகக் குறைவு. மலாய் மொழி, கணிதம், அறிவியல் பாடங்களில் கிரெடிட் பொதுவாக எதிர்பார்க்கப்படும் தகுதி. நான்காம் படிவத்திலேயே இதை மனத்தில் வைத்துப் படிப்பது அவசியம். இக்கழகங்களில் ஒன்று சுங்கை பூலோவில் இருக்கிறது. பத்தாங்காலி, கோல குபு பாரு பிள்ளைகள் கொமுட்டர் ரயிலில் நேராகவே சுங்கை பூலோ போகலாம். ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பிள்ளைகளுக்கு ரயில் இல்லை என்பதால் தங்கும் விடுதிச் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். படித்து முடித்தபின் சபா, சரவாக் உட்பட எந்த மாநிலத்திலும் வேலை கிடைக்கலாம் என்பதற்கும் குடும்பம் தயாராக இருக்க வேண்டும்.

தனியார் கல்லூரிதான் முடிவு என்றால், கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். படிப்பு எம்கியூஏ பதிவேட்டில் முழு அங்கீகாரத்துடன் இருக்கிறதா? அந்தத் தகுதியைப் பணி மன்றம் பதிவுக்கு ஏற்கிறதா? மருத்துவமனைப் பயிற்சி எங்கே, எத்தனை மாதம்? சிங்கப்பூர் வேலையை மனத்தில் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்கே 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தனி மன்றம் உள்ளது. அது ஏற்கும் பட்டங்களின் பட்டியலைப் படிப்பில் சேரும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

இந்தக் கேள்விகளுக்குக் கல்லூரி முகவரின் வாய்ச்சொல் பதிலாகாது. எம்கியூஏ பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். பெற்றோருக்கு இணையம் பழக்கமில்லை என்றால் பள்ளி ஆலோசனை ஆசிரியரிடம் கேட்டால் தேடித் தருவார். முப்பதாயிரம் வெள்ளிக் கடனுக்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.