ஊசிமணி பாசிமணி

இலத்தூருக்கு அண்மையிலுள்ள குற்றாலத்தில் சாரல் பருவம் தொடங்கியதும் கடைகள் பெருகும். அத்தகைய இடங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் ஊசிமணி, பாசிமணி விற்போர் நரிக்குறவர். வேட்டையே அவர்களின் தொன்மைத் தொழில். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியபின், துணைத்தொழிலாக இருந்த மணி கோத்தல் பலருக்கு முதன்மைத் தொழிலாயிற்று. குறடும் கம்பியும் கொண்டு, கண்ணாடி மணிகளையும் உருத்திராட்சத்தையும் அவர்கள் மாலையாக்குகின்றனர்.

அருவிக்கரையில் மணி விற்று வாழ்ந்த மக்கள் வட அமெரிக்காவிலும் உண்டு. ஹோடினோஷோனி என்பது ஆறு பழங்குடி இனங்களின் கூட்டமைப்பு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அம்மக்கள் தம் நிலத்தின் பெரும்பகுதியை இழந்தனர், வேட்டைக்காடுகளும் சுருங்கின. அவ்வின மகளிர் வெல்வெட்டுத் துணிப்பைகளில் கண்ணாடி மணிகளால் பூவும் பறவையும் தைத்து, 19ஆம் நூற்றாண்டில் நயாகரா அருவியைக் காண வந்தோர்க்கு விற்றனர். இரு தையல்களின் இடைவெளிக்கு வேண்டியதைவிட மிகுதியான மணிகளை நூலில் கோப்பர். எனவே மணிவரிசை வில்லென வளைந்து துணியின்மேல் புடைத்து நிற்கும்.

அம்மணிப்பைகள் இன்று அருங்காட்சியகங்களில் கலைப்பொருள்களாகப் போற்றப்படுகின்றன. நரிக்குறவரின் மாலைகளோ இன்றும் பேரம் பேசியே வாங்கப்படுகின்றன. 2023ஆம் ஆண்டில் நரிக்குறவர், குருவிக்காரர் ஆகியோர் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். சட்டம் அளித்த மதிப்பைச் சமுதாயமும் அளித்தல் வேண்டும். கோத்த கையின் உழைப்புக்கு உரிய விலை கொடுப்பதே அதன் தொடக்கமாகும்.